ஒரு பிடி தவிடு

மார்ச் 3

என் மகள் பொடிசுக்கு, அப்பா சொல்லச் சொல்லத் தையல்காரர் எழுதுவது.

நான் இருக்கிறபடி இருக்கிறேன். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் மாமியாரை நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. அந்த அம்மாள் நன்றாகத்தான் இருப்பார்.

நீ போனில் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. எனக்குப் போன் என்றால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி. அதனால் இனிமேல் எதுவானாலும் எழுதிப் போடு. தையல்காரர் வாசித்துச் சொல்வார். அவர்தான் மருந்துக்கடையில் போய் உன் வியாதியின் பேரைச் சொல்லி விவரம் கேட்டு வந்தார். சீலியாக் என்றாராம். கோதுமையில் இருக்கிற ஏதோ பசைச் சத்து உன் குடலுக்குப் பகையாம். ஒரு துகள் போனால்கூட உள்ளே புண்ணாக்கிவிடுமாம். மருந்து என்று ஒன்று கிடையாதாம், கோதுமை வாயில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் மருந்தாம்.

கேட்டதிலிருந்து எனக்கு ஒரே ஞாபகம். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கைகால் குச்சியாகவும் வயிறு மட்டும் பந்தாகவும் இருப்பாய். பார்த்தவர்கள் எல்லாரும் வயிற்றில் பூச்சி என்றார்கள். பச்சை நிற மாத்திரை. கசக்கிறது என்று துப்புவாய். அதை ரொட்டித் துண்டுக்குள் ஒளித்து வைத்து ஊட்டினேன். கோதுமை ரொட்டி. நம் மில்லில் அரைத்த மாவு.

போனது போகட்டும். இனிமேல் உனக்கு அரிசி மாவு நானே அரைத்து அனுப்புகிறேன். கடைப் பாக்கெட்டில் எவன் எதைக் கலந்தான் என்று யாருக்குத் தெரியும்? காலையில் முதல் வேலையாக மில்லைச் சுத்தம் செய்து, உன் அரிசியைத்தான் முதலில் போடுவேன். மற்றவர்களின் கோதுமை எல்லாம் அதற்குப் பிறகுதான். பஸ் டிரைவர் தெரிந்தவர். பையில் நீலக் கயிறு கட்டியிருந்தால் என் மாவு.

உடம்பைத் தேற்றிக்கொள். பதில் போடு.

அப்பா.

மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு, பொடிசு எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நீங்கள் உடனே, ‘யாரு இங்க பொய் சொல்றது’ என்பீர்கள். முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தடவுகிறீர்களா, அல்லது அதுவும் மில் மோட்டாருக்குப் போய்விட்டதா?

நீலக் கயிறு மாவு வந்தது. பொடியாக, பூ மாதிரி இருக்கிறது. அதில்தான் என் கஞ்சி, என் ரொட்டி எல்லாம்.

வீட்டைவிட வேலை செய்யும் இடம்தான் கஷ்டம். பல் மருத்துவமனை என்றுதான் பேர். வாரத்துக்கு ஒருவருக்குப் பிறந்தநாள் வந்து, வாரத்துக்கு ஒரு கேக் வெட்டுகிறார்கள். வேண்டாம் என்றால், ‘ஒரே ஒரு துண்டு, என்ன ஆகிடப் போகுது?’ என்கிறார்கள். பல் டாக்டரே, ‘மேல இருக்கிற க்ரீமை மட்டும் சுரண்டிச் சாப்பிடு, அதுல ஏது கோதுமை?’ என்றார். டாக்டருக்கே இப்படி விளக்க வேண்டியிருக்கிறது. எனக்கென்று தனிக் கோப்பை வைத்திருக்கிறேன். போன வாரம் யாரோ பிஸ்கட் தோய்த்த ஸ்பூனாலேயே என் டீயையும் கலக்கிவிட்டார்கள். மத்தியானம் முழுவதும் நான் கழிப்பறையில். வெளியே கன்னம் வீங்கிய ஆட்கள் சீட்டு வாங்க வரிசையில். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வீட்டில் அத்தை எனக்கென்று புது வாணலி வாங்கி, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறார். ‘இது மகாராணி வாணலி. வேற யாராவது தொட்டா தலை போயிடும்’ என்று இவரை மிரட்டுகிறார். மரக்கரண்டிக்குள் பழைய மாவு ஊறியிருக்குமாம். எல்லா மரக்கரண்டியையும் தூக்கிப் போட்டுவிட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் இல்லையா, கடைக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொரு பொட்டலத்தைப் பற்றியும் அந்தக் குரலில் விசாரிப்பார். கடைக்காரர் எழுந்து நின்றுதான் பதில் சொல்லுவார்.

ஆனாலும் வயிற்று வலி முழுக்க விடவில்லை. கொஞ்ச நாளாகும் என்கிறார்கள்.

உங்கள் பொடிசு.

ஏப்ரல் 6

பொடிசுக்கு அப்பா ஆசி.

நான் சுகம். தைலம் எனக்குத்தான், மோட்டாருக்கு இல்லை. தையல்காரரும் உன்னை விசாரித்தார். இரண்டாவது பை மாவு இத்துடன் வருகிறது.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். வயிற்று வலி விடவில்லை என்கிறாய். நான் அனுப்புவது சுத்தமான மாவு. வேலை இடத்தில் உன் கோப்பை தனி. அப்படியென்றால் கோதுமை எங்கிருந்து வருகிறது? சமைக்கிற கை யாருடையது?

மகாராணி என்று சொன்னதை நீ தமாஷ் என்று நினைத்தாய். எனக்கு அதில் ஒரு குத்தல் கேட்கிறது. உன் கல்யாணத்தன்று நான் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தேன். அந்த அம்மாள் வந்து அந்தத் தோளைத் தட்டிவிட்டு, ‘மாவு ஒட்டியிருக்கு’ என்றார். நான் அன்றைக்குக் குளித்து, தையல்காரர் தைத்த புதுச் சட்டை போட்டிருந்தேன். என் கையில் மாவே இல்லை. பழுப்பு நிறப் புடவை கட்டியிருந்தார், இடது கையில் கடிகாரம். எனக்கு எதுவும் மறக்காது.

சிரித்துக்கொண்டே செய்கிற ஆட்களைக் கவனமாகப் பார். அவ்வளவுதான் சொல்வேன்.

அப்பா.

மே 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? இரண்டாவது பை மாவுக்கு இப்போதுதான் பதில் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். படுக்கையில் இருந்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. குறையவே இல்லை. ‘கோதுமை இன்னும் எங்கிருந்தோ உள்ள போய்க்கிட்டே இருக்கு. கண்டுபிடிங்க’ என்றார் குடல் டாக்டர். மேலும் எடை இறங்கிவிட்டது. தலைமுடி சீப்போடு வருகிறது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன் என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் சொன்னதிலிருந்து நான் அடுப்படியைக் கவனித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை இவருக்குக் கோதுமை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தனிக் கல், தனி மேடைதான். ஆனால் மாவு காற்றில் பறக்காதா? கேட்டேன். ‘பறக்கும்தான், எனக்குத் தோணலையேம்மா’ என்றார். அன்றைக்கே கோதுமை டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். ‘இனிமே இந்த வீட்டுல கோதுமை கிடையாது. டேய், உனக்கு வேணும்னா ரோட்டுல நின்னு தின்னுட்டு, வாயைக் கழுவிட்டு வா’ என்று இவரிடம் சொன்னார்.

அதற்குப் பிறகும் எனக்கு வலி நிற்கவில்லை அப்பா. முன்னைவிட அதிகம்.

டாக்டர் மாவைப் பற்றியும் கேட்டார். ‘அந்த மில்லுல கோதுமையும் அரைப்பாங்களா?’ என்றார். என் அப்பா அரைப்பது, அவர் சுத்தம் செய்யாமல் அரைக்க மாட்டார் என்றேன். ‘எதுக்கும் ஒரு தடவை கேட்டுடுங்க’ என்றார். அதனால்தான் எழுதுகிறேன். தப்பாக நினைக்காதீர்கள்.

பொடிசு.

மே 20

பொடிசுக்கு அப்பா எழுதச் சொன்னது.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனதுக்குத்தான்.

அந்த டாக்டர் மில்லுக்குள் கால் வைத்திருக்கிறாரா என்று கேள். கல் எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்வாரா? கல்லைப் பிரித்து, இண்டு இடுக்கெல்லாம் பிரஷ் போட்டு, சல்லடையை உதறி, பழைய மாவு ஒரு பொட்டு இல்லாமல் பார்த்துவிட்டுத்தான் உன் அரிசியைப் போடுகிறேன். என்னிடம் கேட்பதற்கு முன் உன் வீட்டில் கேட்க வேண்டியவரைக் கேள்.

கோதுமை டப்பாவைக் கொடுத்துவிட்டாராம். கொடுத்ததை நீ பார்த்தாயா? கொடுத்தது முழுவதுமா? நான் யாரையும் குறை சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்றும் சொல்லவில்லை. வயசான கை, மறதி. எதுவாக இருந்தாலும் சரி, அவருக்குத்தான் மூத்த பிள்ளை வீடு இருக்கிறதே? கொஞ்ச நாள் அங்கே போய் இருக்கட்டும். நீயே உன் கையால் பொங்கிச் சாப்பிட்டுப் பார். பிறகு தெரிந்துவிடும்.

தையல்காரர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, ‘இதை எழுதணுமா?’ என்றார். எழுதுங்கள் என்றேன்.

அப்பா.

ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக்கூடக் கையில் தெம்பு இல்லை.

அத்தை மூத்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் சொல்லவில்லை, இவர்தான் சொன்னார். ஆனால் உங்கள் கடிதத்தை இவரிடம் காட்டியது நான். போவதற்கு முன் அடுப்படி முழுவதையும் கழுவினார். ஜாடிகளை வெயிலில் கவிழ்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ‘நான் எதுல போட்டுட்டேன்னு நினைக்கறே? ஒரு தடவை சொல்லிடும்மா. தெரிஞ்சுக்கறேன்’ என்றார். ‘தெரியலை அத்தை’ என்றேன். ‘சரி’ என்றார். இவர் பெட்டியைத் தூக்கினார். ‘ஏண்டா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றே? நான் என்ன கப்பலா ஏறப் போறேன்? ரெண்டு பஸ் மாறணும், அவ்வளவுதானே’ என்று இவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். இவர் சிரிக்கவில்லை.

இப்போது நானே சமைக்கிறேன். எதையும் நம்ப முடியாததால் காலை, மத்தியானம், இரவு எல்லாம் உங்கள் மாவுதான். அது ஒன்றுதான் பயமில்லாமல் வாயில் வைக்க முடிகிறது. ஆனால் வலி அப்படியே இருக்கிறது. பழைய கோதுமை உடம்பிலிருந்து இறங்க நாளாகும் போல. அடுத்த பரிசோதனையிலும் குறையவில்லை என்றால் இது சாப்பாட்டில் தீராத வேறு வகை, பலமான மருந்து ஆரம்பிக்க வேண்டும், அது எலும்பைத் தின்னும் என்கிறார் டாக்டர்.

மாவு தீரப் போகிறது. அடுத்த பையைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

பொடிசு.

ஜூன் 27

பொடிசுக்கு அப்பா.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் வீட்டில் இருக்கிற என் மாவை எல்லாம் குப்பையில் கொட்டிவிடு. ஒரு கரண்டிகூட வைத்துக்கொள்ளாதே. அரிசியில் பூச்சி விழுந்திருந்தது. டப்பாவைக் கழுவாதே, டப்பாவையும் போட்டுவிடு. வாணலியையும்தான்.

கோதுமை இல்லை என்று அச்சடித்து ஒட்டிய பாக்கெட் வருகிறதாமே, மருந்துக்கடைக்காரர் சொன்னார். அதை வாங்கிக்கொள். நான் இனிமேல் அனுப்பவில்லை. மில்லில் வேலை இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா.

அப்பா.

ஆகஸ்ட் 22

என் அன்பு அப்பாவுக்கு,

நலம்! இந்த ஒரு வார்த்தையை இவ்வளவு நாள் கழித்து உண்மையாக எழுதுகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ஜூலையில் இரண்டு கடிதம் போட்டேன், பதிலே இல்லை. முழங்காலா, கோபமா?

ரத்தப் பரிசோதனையில் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. டாக்டர் மேசையைத் தட்டி, ‘பிடிச்சிட்டீங்க!’ என்றார். பலமான மருந்து வேண்டாம். எடை ஏறுகிறது. நேற்று வேலை முடிந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். இரண்டாவது மாடிக்கு நிற்காமல் ஏறினேன். மேலே போய் நின்று கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் உங்களால்தான் அப்பா. சமைக்கிற கையைப் பார் என்று ஏப்ரலிலேயே சொன்னீர்கள். அத்தை போனார், எனக்குச் சரியாகிவிட்டது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வேண்டுமென்று செய்திருக்க மாட்டார் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். இவர் அப்படி நினைக்கவில்லை. அம்மா இனி இங்கே வரவேண்டாம் என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டார். பரிசோதனை முடிவையும் அனுப்பிக் காட்டியிருக்கிறார். அங்கே சின்னக் குழந்தை இருக்கிறது. மூத்தவரின் மனைவி, அந்த அக்காவும் பயந்துபோய் அத்தையை அடுப்படிக்குள் விடுவதில்லையாம். துணி மடிக்கிறாராம்.

எனக்கு அதைக் கேட்க என்னவோ போல்தான் இருக்கிறது. ஆனால் என் உடம்பைப் பார்க்கும்போது வேறு என்ன செய்வது?

உங்கள் பொடிசு.

செப்டம்பர் 14

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் இப்போது பரவாயில்லையா? நான் சௌக்கியம். மூத்தவன் வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. இந்தக் கடிதத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டும் தையல்காரருக்கும் என் வணக்கம்.

நம் பெண் தேறிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். சின்னவன் அனுப்பிய தாளைப் பார்த்தேன். எண்கள் எனக்குப் புரியும், எக்ஸ்சேஞ்சில் எண்களோடுதானே குப்பை கொட்டினேன். படித்ததும் முதலில் சந்தோஷமாக இருந்தது, அது உண்மை. அப்புறம்தான் மற்றது.

உங்களிடம் ஒன்று கேட்க எழுதுகிறேன். மாவைப் பற்றி உங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்த நாலு மாதம் நான் செய்ததை எல்லாம் தினம் ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். பாத்திரம் வேறு வைத்தேன். துணி வேறு வைத்தேன். கோதுமையைத் தொட்டால் முழங்கை வரை சோப்புப் போட்டேன். அப்புறம் தொடுவதையே விட்டேன். அதற்குப் பிறகும் அவளுக்கு அதிகமானது. நான் இங்கே வந்த பிறகு சரியாகிவிட்டது. அப்படியென்றால் என் கையில்தான் இருந்திருக்கிறது, இல்லையா? நகத்துக்குள் இருக்குமா? மோதிரத்துக்குள்ளா? மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். சோப்பிலேயே கோதுமை சேர்ப்பார்களா?

என்னைத் திரும்ப அழைக்கச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. இங்கே பேரக்குழந்தை என்னிடம் தண்ணீர் கேட்டால், அவள் அம்மாவைக் கூப்பிடுகிறேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன் என்று தெரிந்தால் போதும், அதை விட்டுவிடுவேன். உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள். கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் சம்பந்தி.

செப்டம்பர் 30

சம்பந்தியம்மாவுக்கு, மில்லுக்காரன் சொல்லித் தையல்காரர் எழுதுவது.

உங்கள் உடம்பை நான் விசாரித்ததே இல்லை. இப்போது விசாரிக்கிறேன். சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா?

உங்கள் கையில் எதுவும் இல்லை. மோதிரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கோதுமை என் மாவில் இருந்தது.

எப்படி என்று சொல்கிறேன். ஜூன் கடைசியில் தையல்காரர் என்னோடு மில்லில் இருந்தார். பொடிசு மாவு கேட்டிருந்தாள், அதோடு போகிற கடிதத்தை எழுத வந்திருந்தார். நான் கல்லைப் பிரித்துப் பிரஷ் போட்டேன், சல்லடையை உதறினேன், எல்லாம் மாட்டி மோட்டாரைப் போட்டேன். அவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப என்னமோ போட்டீங்களே, என்ன அது?” என்றார்.

“எது? நான் ஒண்ணும் போடலையே” என்றேன்.

“மோட்டார் பக்கத்து டின்னுல கைவிட்டு ஒரு பிடி போட்டீங்களே.”

“அதுவா, தவிடு. கல்லைத் துடைக்க. அதைப் போட்டு ஓடவிட்டா உள்ள இருக்கிறதை எல்லாம் கூட்டிக்கிட்டு வெளிய வந்துடும்.”

“என்ன தவிடு?”

“கோது” என்று ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் டின்னைப் பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

மிளகாய் அரைத்தால் அடுத்த ஆள் மாவில் காரம் ஏறாமல் இருக்க, கோதுமைத் தவிட்டைப் போட்டுத்தான் கல்லைத் துடைப்போம். என் அப்பாவும் அப்படித்தான். எனக்கு அது தானியமே இல்லை, துடைப்பம். எவ்வளவு சுத்தம் வேண்டுமோ அவ்வளவு தவிடு. பொடிசுக்கு என்பதால் ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகப் போட்டிருக்கிறேன். நீங்கள் கல்யாணத்தில் கட்டியிருந்த புடவையின் நிறத்தை நான் சொல்வேன். தினம் காலையில் என் கை அந்த டின்னுக்குள் போனது எனக்கு ஞாபகமே இல்லை. டாக்டர் கேட்டபோதுகூட என் கண் முன்னே வரவில்லை.

அதுவரைக்கும் தெரியாமல் செய்தது. அதற்குப் பிறகு தெரிந்து செய்தேன். பூச்சி என்று மகளுக்கு எழுதச் சொன்னேன். தையல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். அவள் மாவைக் கொட்டினால் போதும், உடம்பு தேறினால் போதும், பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தேறினாள். தேறியதும், ‘எல்லாம் உங்களால்தான் அப்பா’ என்று எழுதினாள். அதைத் தையல்காரர் வாசித்தார். அதற்குப் பிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நான் எழுதப் படிக்கத் தெரியாதவன் அம்மா. மற்றவர்களைப் போலத் தனியாக உட்கார்ந்து எழுதி ஒட்டிவிட முடியாது. ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு மனிதர் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்கு இத்தனை நாள் ஆயிற்று.

உங்களை வீட்டை விட்டு அனுப்பச் சொன்னதும் நான்தான். மாப்பிள்ளை இல்லை, பொடிசும் இல்லை. மே மாதக் கடிதத்தில் இருக்கிறது.

இதே விவரத்தை இன்றைக்கே பொடிசுக்கும் எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு முதலில் எழுதிவிட்டுத்தான் அவளுக்கு. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீங்கள் அடுப்படிக்குப் போங்கள். குழந்தைக்குத் தண்ணீர் கொடுங்கள்.

மில்லுக்காரன்.

நவம்பர் 26

அப்பாவுக்கு,

நான் நலம். மூன்றாவது பரிசோதனையும் நன்றாக இருக்கிறது.

உங்கள் கடிதம் அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். மாவுக்காக எனக்குக் கோபமில்லை. நான் நோயில் கிடந்தபோது என் அப்பா விடிந்ததும் எனக்காக ஒரு பிடிக்கு இரண்டு பிடி போட்டார் என்பதை நினைத்தால் இப்போதும் அழுகைதான் வருகிறது. ஆகஸ்டில் நான் எழுதியதைத் தையல்காரர் உங்களுக்கு வாசித்தாரே. அத்தை துணி மடிக்கிறார் என்று நான் எழுதியிருந்த இடம் வந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அதைத்தான் கேட்க நினைத்தேன். கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டாம்.

நானும் உங்களைச் சொல்லித் தப்பிக்க முடியாது. என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். வாணலிக்கு நூல் சுற்றிய மனுஷி. தெரியலை அத்தை என்றேன். ‘நீங்க இல்லை’ என்று சொல்லியிருக்கலாம்.

போன வாரம் இவரும் நானும் மூத்தவர் வீட்டுக்குப் போனோம். அத்தை கதவைத் திறந்தார். இளைத்துவிட்டார். ‘வாம்மா. கன்னம் வந்திருக்கே!’ என்றார். இவர் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். ‘எந்திரிடா, தரையெல்லாம் ஈரம். இப்பத்தான் துடைச்சேன்’ என்றார்.

உங்கள் கடிதம் அவர் அலமாரியில் இருந்தது. எடுத்து என்னிடம் கொடுத்து, ‘நீ வாசி. இவங்க எல்லாரும் கேக்கணும்’ என்றார். மூத்தவர், அக்கா எல்லாரும் இருந்தார்கள். வாசித்தேன். தவிட்டுக் கட்டம் வந்ததும், ‘அதை மறுபடி வாசி’ என்றார். வாசித்தேன். ‘பாவம், சுத்தம் பண்ணத்தான் போட்டிருக்கார்’ என்றார். அக்காதான் எழுந்து அடுப்படி விளக்கைப் போட்டு, ‘வாங்க அத்தை, நீங்க வெச்சாத்தான் டீ நல்லா இருக்கும்’ என்றார். அத்தை போனார். எல்லாருக்கும் டீ போட்டார். குழந்தை தண்ணீர் கேட்டது, கொடுத்தார்.

வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டோம். இவர் அழுதார். ‘வர்றேன், வர்றேன். ஒரு நாள் வந்து உங்களைப் பாத்துட்டுப் போறேன்’ என்றார். தங்குவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

எனக்கு மட்டும் டீ வரவில்லை. உள்ளே போய்க் கோதுமை இல்லை என்று அச்சடித்த பிஸ்கட் பாக்கெட் ஒன்றையும் உறை பிரிக்காத புதுக் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தார். நான் வருவேன் என்று வாங்கி வைத்திருந்தாராம்.

“நீங்க பிரிச்சுக் குடுங்க அத்தை” என்றேன்.

“எல்லாருக்கும் செய்வேன்ம்மா. உனக்கு மட்டும் என் கை வேண்டாம். நீயே வெட்டிக்கோ” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை அப்பா. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். நான் வெட்டி ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்.